எங்கள் மச்சானுக்கு ஓட்டு இல்லை

என் அக்கா மாசினாவின் வீட்டில் அரசியல் முழுவதும் மச்சானுடையது. ஓட்டு மட்டும் அக்காவுடையது.

மச்சான் பெலெனாட்டோ அமெரிக்க ராணுவத்தில் இருபது வருடம் இருந்தவர். இரண்டு போர்களுக்குப் போய், இடது முட்டியில் ஒரு இரும்புத் துண்டோடு அலாஸ்காவின் ஆங்கரேஜுக்கு வந்து சேர்ந்தார். இப்போது நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறார். வண்டியில் ரேடியோ உண்டு, அதை அவர் அணைத்ததே கிடையாது. அதனால் எண்ணெய் வரி, மீன்பிடிச் சட்டம், பள்ளிக்கூட நிதி எல்லாம் அவருக்கு அத்துப்படி. அக்கா விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் பயணிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிறவள். டிவியில் செய்தி ஆரம்பித்தால் சேனலை மாற்றுவாள்.

ஆனாலும் தேர்தல் அன்று வாக்குச்சாவடிக்குள் போகிறவள் அவள்தான். மச்சான் பிறந்தது பாகோ பாகோவில், அமெரிக்கக் கொடி பறக்கிற சமோவாவில். அங்கே பிறந்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள், ஆனால் அமெரிக்கக் குடிமக்கள் அல்ல. பாஸ்போர்ட்டிலேயே அப்படி ஒரு வரி அச்சடித்திருக்கும். ராணுவத்தில் சேரலாம், சண்டைக்குப் போகலாம், ஓட்டு மட்டும் போட முடியாது. நானும் அக்காவும் பிறந்தது பக்கத்தில், ஆப்பியாவில். அது இன்னொரு சமோவா, தனி நாடு. நாங்கள் சுத்தமான வெளிநாட்டுக்காரர்களாக வந்து இறங்கி, வருடக்கணக்கில் காத்திருந்து, மனுப் போட்டு, பரீட்சையில் தேறி, குடிமக்கள் ஆனோம். மச்சானும் மனுப் போட்டால் ஆகிவிடலாம். போடமாட்டார். ராணுவத்தில் சேர்ந்த அன்றைக்கே கையைத் தூக்கிச் சத்தியம் செய்தாயிற்று, ஒரே நாட்டுக்கு ஒரு மனுஷன் எத்தனை தடவை சத்தியம் செய்வான் என்று கேட்பார்.

எனவே ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் ஒரு வாரம் அக்காவுக்கு வகுப்பு நடக்கும். யாருக்குப் போட வேண்டும், ஏன் போட வேண்டும், மற்றவன் ஜெயித்தால் என்ன நாசம் வரும் என்று சாப்பாட்டு மேசையில் விளக்குவார். அக்கா தலையாட்டிக்கொண்டே கிழங்கின் தோலைச் சீவுவாள். பிறகு அவர் அவளை வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போய், வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பார். திரும்பி வந்தவளிடம் யாருக்குப் போட்டாய் என்று கேட்டால், போகிற வழியில் கோழி வாங்க வேண்டும் என்பாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வராது.

அந்த வருடம் எங்கள் தொகுதியில் மாநில சட்டசபைக்கு கரின் ஹால்வர்சன் என்ற அம்மாள் நின்றார். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், உயரமானவர், கொஞ்சம் கூச்ச சுபாவம். அவருடைய தேர்தல் வேலைகளைப் பார்க்க ப்ரெண்டன் என்று ஒரு இளைஞன் கீழே வர்ஜீனியாவிலிருந்து வந்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைக்கு வந்து, பாஸ்டர் சாமுவேலுவின் முன்னால் தன் கணினிப் பலகையைத் திறந்தான். தொகுதியின் வாக்காளர்களை நிறம் நிறமாகப் பிரித்த வட்டம் ஒன்று அதில் இருந்தது. வெள்ளையர்கள் சாம்பல் நிறத்தில், பாதிக்கும் குறைவு. அலாஸ்காவின் பூர்வகுடிகள் பச்சை. ஃபிலிப்பினோக்கள், கறுப்பர்கள், லாவோஸ் பக்கத்திலிருந்து வந்த ஹ்மாங் மக்கள் ஆளுக்கொரு நிறம். எங்களைப் போன்ற தீவுக்காரர்களுக்கு ஆரஞ்சு. நூற்றுக்குப் பதினொன்று.

போன தடவை இந்தத் தொகுதியில் வித்தியாசம் நூறு ஓட்டுக்கும் கீழே என்றான் ப்ரெண்டன். இந்த ஆரஞ்சுத் துண்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும் என்றான். பாஸ்டர் அந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவரும் பாகோ பாகோக்காரர்தான். பார்க்க அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எங்கள் சபையின் சார்பில் பேசுகிறவர் பெலெனாட்டோ, அவரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மச்சான் எங்கள் வழக்கப்படி துலாஃபாலே, அதாவது குடும்பத்துக்காகச் சபையில் எழுந்து பேசும் பட்டம் பெற்றவர். கல்யாணமோ சாவோ, கையில் கோலோடும் தோளில் நார்க் குஞ்சத்தோடும் அவர் எழுந்து நின்றால் கூடம் அடங்கும். அப்படிப்பட்டவரிடம் இத்தனை வருடத்தில் எந்த வேட்பாளரும் வந்து நின்றதில்லை. ப்ரெண்டன் வந்து, ஐயா, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்றதும் மச்சானுக்கு முகம் முழுக்க வெளிச்சம். எண்ணெய் வரியிலிருந்து ஆரம்பித்தார். ப்ரெண்டன் பாவம், சாயங்காலம் வரை எழுந்திருக்க முடியவில்லை.

அடுத்த வாரமே சபைக் கூடத்தில் விருந்து. பன்றி சுட்டோம், தேங்காய்ப்பாலில் கீரை வேகவைத்தோம், அக்கா இரண்டு பெரிய பாத்திரம் நிறைய பானிகேக்கே என்ற இனிப்பு மாவு உருண்டைகளைப் பொரித்தாள். கரின் அம்மாள் வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். மச்சான் எழுந்து அரைமணி நேரம் பேசினார். அதில் பாதி சமோவ மொழியில் இருந்ததால் அந்த அம்மாளுக்குப் புரியவில்லை, ஆனாலும் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு மச்சானின் படம் நோட்டீசில் வந்தது. மற்ற சபைகளுக்கும் அவரே அந்த அம்மாளை அழைத்துப் போனார். எங்கே போனாலும் அக்காவின் பானிகேக்கே கூடையும் கூடவே போயிற்று. ப்ரெண்டன் அதை வயிறு நிறையச் சாப்பிட்டான். அக்காவின் பெயர் என்னவென்று அவன் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஓட்டு இல்லை என்ற விஷயத்தை யாரும் அவனிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. வந்த விருந்தாளியை நாலு பேர் முன்னால் அசடாக்குவது எங்களில் வழக்கமில்லை, அவ்வளவுதான். அக்காவுக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது நேராகக் கேட்டுவிட்டாள்.

"அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டியா பெலே?"

"என்னத்த?"

"உனக்கு ஓட்டு இல்லைன்னு."

"அவன் கேக்கலையே. கேட்டா சொல்றேன்."

"பன்னி வேகலைன்னா சாப்பிட உக்காந்தவன் கேக்கட்டும்னு இருப்பியா? சமைச்சவன்தான் சொல்லணும்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அக்டோபர் கடைசியில் முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்கள் ஆரம்பித்தன. ப்ரெண்டனுக்கு ஒரு யோசனை. முதல் நாள் காலையில் எங்கள் சபையார் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடையில் பஸ்களில் ஒன்றாகப் போய் ஓட்டுப் போட வேண்டும், முதலில் போகிறவர் மச்சானாக இருக்க வேண்டும், கிளம்பும் காட்சியைச் சபை வாசலில் வீடியோ எடுத்து ஊர் முழுக்கக் காட்ட வேண்டும். மூன்று பஸ்ஸுக்கு ஏற்பாடும் செய்துவிட்டான். ஒன்றை ஓட்டுவதாக நானே ஒப்புக்கொண்டிருந்தேன்.

இனிமேலும் சொல்லாமல் இருக்க மச்சானுக்கு வழியில்லை. தகுதி இல்லாதவர் ஓட்டுப் போட்டால் வழக்கு வரும், அறியாமல் செய்தாலும் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கும் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். அவர் அப்படியொரு காரியத்தைக் கனவிலும் செய்யமாட்டார். ஆனால் எப்படிச் சொல்வது? அந்த வாரம் முழுக்க அவர் பனி வண்டியில் ரேடியோவைப் போடவே இல்லை என்று கூட வேலை செய்கிறவர் ஒருவர் என்னிடம் சொன்னார். ப்ரெண்டனுக்கு இரண்டு தடவை போன் போட்டிருக்கிறார். இரண்டு தடவையும் அவன் முந்திக்கொண்டு, நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று ஆரம்பிக்க, மச்சான் முட்டி வலியைப் பற்றிப் பேசி முடித்துவிட்டார்.

அந்தக் காலையில் லேசாகப் பனி பெய்துகொண்டிருந்தது. சபை வாசலில் நூறு பேருக்கு மேல் வெள்ளை வெள்ளையாக நின்றோம். ஓட்டு இருக்கிறவர்கள் கொஞ்சம், இல்லாதவர்கள் நிறைய. அழைத்த மரியாதைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். காமிரா தயாரானது. கரின் அம்மாள் மச்சானின் பக்கத்தில் வந்து நின்றார். ப்ரெண்டன் கையைக் காட்டியதும் மச்சான் கோலை ஊன்றி, குஞ்சத்தைத் தோளில் போட்டு, ஆங்கிலத்திலேயே பேச ஆரம்பித்தார். முதலில் கடவுளுக்கு, பிறகு பாஸ்டருக்கு, பிறகு விருந்தாளிகளுக்கு வணக்கம். அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அம்மா, நீங்க எங்ககிட்ட வந்தீங்க. இதுக்கு முன்னாடி யாரும் வரல. அதனால உங்ககிட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிடக் கூடாது. நான் இந்த நாட்டுக்காக ரெண்டு சண்டைக்குப் போனவன். ஆனா இந்த நாட்டுல எனக்கு ஓட்டு கிடையாது. பொறந்த எடம் அப்படி. எனக்குப் பின்னாடி நிக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கும் கிடையாது. இத மொத நாளே சொல்லியிருக்கணும். நீங்க என் கருத்தக் கேட்டது எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. அதான் சொல்லல."

காமிராக்காரன் ப்ரெண்டனைப் பார்த்தான். ப்ரெண்டன் தன் கணினிப் பலகையைப் பார்த்தான். அதில் இருந்தது பதினெட்டு வயது தாண்டியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு, ஓட்டு உள்ளவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவன் முகம் வெளுத்துவிட்டது. அவனை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான், ஏனென்றால் அவன் யார்மேலும் பழி போடவில்லை. தப்பு என்னுடையது ஐயா என்று சொல்லி மச்சானுக்குக் கை கொடுத்தான்.

கரின் அம்மாள் மச்சானின் பக்கம் திரும்பினார். ராணுவத்தில் இருபது வருடமா என்று மட்டும் கேட்டார். மச்சான் தலையசைத்தார். அந்த அம்மாள் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஓட்டு உள்ளவர்கள் பஸ்ஸில் ஏறுங்கள் என்று ப்ரெண்டன் சொன்னான். மூன்றில் ஒரு பஸ்தான் கிளம்பியது, அதிலும் பின் சீட்டுகள் காலி. ஏறியவர்களில் ஆப்பியாவிலிருந்து வந்த என் அக்காவைப் போன்ற பெண்கள் பாதி, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பாதி. மச்சான் வாசலில் நின்றுகொண்டார். ஏறப்போன அக்காவிடம் ப்ரெண்டன் ஆச்சரியமாக, உங்களுக்கு ஓட்டு இருக்கிறதா என்று கேட்டான்.

"இருக்கு தம்பி. எங்க வீட்டு ஓட்டு இதான். ரெண்டு மாசமா உனக்கு பானிகேக்கே போட்டுக்கிட்டு இருந்துச்சு."

கரின் அம்மாள் சிரித்துவிட்டார். பிறகு அவரும் பஸ்ஸில் ஏறி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். வாக்குச்சாவடிக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே அவரை இறக்கிவிட வேண்டும், கிட்டே பிரசாரம் கூடாது என்று ப்ரெண்டன் எனக்கு எச்சரிக்கை செய்தான். நான் மெதுவாகவே ஓட்டினேன். கண்ணாடியில் இருவரையும் பார்க்க முடிந்தது.

அந்த அம்மாள் அக்காவின் பெயரைக் கேட்டார். பிறகு உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அக்கா வழக்கம்போல ஒன்றும் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். விமான நிலையம் மாநில அரசுடையதுதானே என்று ஆரம்பித்தாள். வேலைக்காரர்கள் வண்டி நிறுத்துகிற இடம் ஒரு கோடியில் இருக்கிறது, அங்கிருந்து சமையல்கூடத்துக்கு நடக்கிற பாதையில் பனியை யாரும் அள்ளுவதில்லை, போன குளிர்காலத்தில் அவளோடு வேலை செய்கிற கொரியக்காரி வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள், அவள் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. பயணிகள் நடக்கிற பக்கம் மட்டும் தரை பளபளவென்று இருக்கிறது என்றாள்.

"எனக்கு இது தெரியவே தெரியாதுங்க," என்றார் கரின் அம்மாள். "அது யாரோட பொறுப்புன்னுகூடத் தெரியல. கண்டுபுடிக்கிறேன்."

"செஞ்சிடுறேன்னு சொல்லாம விட்டீங்களே, அது வரைக்கும் நல்லது," என்றாள் அக்கா.

அந்த அம்மாள் இறங்கிக்கொண்டார். நாங்கள் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். திரும்பும்போது அக்காவிடம் நானும் கேட்டுப் பார்த்தேன். கோழி வாங்க வேண்டும் என்றாள்.

கரின் ஹால்வர்சன் தோற்றுப்போனார். வித்தியாசம் முப்பத்துச் சொச்சம் ஓட்டு. அந்தச் செய்தியை மச்சான் ரேடியோவில் கேட்டது வேலையில் இருந்தபோது. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல், சபை வாசலில் பஸ் ஏறாமல் நின்றவர்கள் எத்தனை பேர் இருக்கும் என்று என்னிடம் கேட்டார். முப்பதைவிட அதிகம் என்றேன். அவர்கள் எல்லோரும் அந்த அம்மாளுக்கே போட்டிருப்பார்கள் என்று என்ன நிச்சயம் என்றாள் அக்கா. அது இல்லை என் கவலை, போட்டிருந்தால் எண்ணியாவது இருப்பார்கள் இல்லையா என்றார் மச்சான். அக்கா அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

தோற்ற அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரின் அம்மாள் சபைக்கு வந்தார். ப்ரெண்டன் ஊருக்குப் போய்விட்டான். காமிரா இல்லை, நோட்டீஸ் இல்லை, கையில் ஒரு ஆப்பிள் கேக் மட்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்து பாட்டுகளை உதட்டசைத்துப் பாடினார். ஆராதனை முடிந்ததும் அக்காவிடம் வந்து, அந்தப் பாதையைப் பற்றி இரண்டு அலுவலகங்களில் கேட்டதாகவும், இருவரும் மற்றவரைக் கைகாட்டுவதாகவும், விடப்போவதில்லை என்றும் சொன்னார். ஜெயிக்காதவருக்கு இது என்ன வேலை என்று எங்கள் பெண்கள் தங்களுக்குள் ஆச்சரியப்பட்டார்கள். பிப்ரவரியில் அந்தப் பாதையில் உப்புத் தூவ ஆரம்பித்தார்கள். அவர் சொல்லித்தான் நடந்ததா என்று யாருக்கும் தெரியாது.

அதே பிப்ரவரியில் மச்சான் குடியுரிமைக்கு மனுப் போட்டார். எங்களிடம் சொல்லும்போது, மனுப் போடுவது சத்தியத்துக்காக இல்லை, வீட்டில் ஓட்டு முழுவதும் ஒருத்தியிடமே இருப்பது ஜனநாயகத்துக்கு நல்லதில்லை என்பதற்காக என்றார். அவரைப் பார்த்துப் பாஸ்டரும், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் போட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் சபைக் கூடத்தில் பரீட்சைக்குப் பயிற்சி. நடத்தியவள் அக்கா, ஏனென்றால் தேறியவர்களிலேயே அவளுக்குத்தான் பொறுமை அதிகம். கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் போதும். மச்சானால் அது முடியவில்லை. உள்நாட்டுப் போருக்கு ஒரு காரணம் சொல் என்றால் ஏழு காரணம் சொல்வார். பாஸ்டர் கோபித்துக்கொண்டு, உன்னால் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக நேரமாகிறது என்பார்.

"ஒண்ணுதான் கேட்டேன் பெலே," என்பாள் அக்கா. "மீதி ஆறையும் உன் பேரன் பொறந்தா அவனுக்குச் சொல்லு."

நேர்முகத் தேர்வுக்கு நான்தான் கூட்டிப்போனேன். உள்ளே என்ன நடந்தது என்று வரும்போது சொன்னார். அதிகாரி ஒரு இளம் பெண். தேவைப்பட்டால் இந்த நாட்டுக்காக ஆயுதம் ஏந்தத் தயாரா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். மச்சான் பேச்சாளராயிற்றே, என்னென்னவோ தொண்டை வரை வந்திருக்கிறது. ஒரு வரி, ஒரு வரி என்று அக்கா சொன்னது ஞாபகம் வந்ததாம். ஆமாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் அவருடைய தாள்களைப் புரட்டி ராணுவப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, மன்னிக்கணும் ஐயா, எல்லோரிடமும் கேட்டாக வேண்டும் என்றிருக்கிறாள். அதைச் சொல்லிவிட்டு மச்சான் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

சத்தியப் பிரமாணம் கோடையில் நடந்தது. கூடத்தில் ஃபிலிப்பினோக்கள், ஹ்மாங் மக்கள், சூடானிலிருந்து வந்தவர்கள், ஒரு பெரு நாட்டுக் குடும்பம், கனடாக்காரர் ஒருவர், நடுவில் எங்கள் ஆட்கள். மச்சான் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள், அவரும் தூக்கினார். முடிந்ததும் நீதிபதி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து அமெரிக்காவுக்கு நல்வரவு என்றார். மச்சான் முறை வந்தபோது நன்றி, இங்கே எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு என்றார். பதக்கங்களைப் பார்த்த நீதிபதி அவர் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை.

வாசலில் வாக்காளராகப் பதிவு செய்ய ஒரு மேசை போட்டிருந்தார்கள். எந்த நிறத்தில் எங்களைச் சேர்ப்பார்களோ தெரியாது, புதிதாகக் குடிமக்களான எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கூட்டத்தில் மச்சானைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், சூடானிலிருந்து வந்த நெட்டையான மனிதர் ஒருவரைத் தூணோரமாக நிறுத்தி வைத்து, எண்ணெய் வரியில் என்ன கோளாறு என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றவர், ஒரு கட்டத்தில் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். நீங்கள் சொல்வது தப்பு என்று சொல்லிவிட்டு, தன் பக்கத்துக் காரணங்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மச்சான் கோட்டைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தார். இதற்கு நேரம் பிடிக்கும், நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார் எங்களிடம்.